திரை, மேடை வரலாறு எழுத வருகிறவர்களுக்கு

தமிழில் சினிமா பற்றி எழுதாத பத்திரிகை கிடையாது. ஆனால் எழுதியதில் பெரும்பகுதி துணுக்கு. இன்ன பாட்டு ரயிலில் போகும்போது பிறந்தது, இன்னார் இன்னாரிடம் கோபித்துக்கொண்டு படத்தை விட்டுப் போனார், இன்ன படம் இத்தனை நாள் ஓடியது. துணுக்கு படிக்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு ஊர், பேர், சாட்சி எதுவும் தேவையில்லை. சுவையாக இருந்தால் போதும். நூல் எழுத வருகிறவர் அந்தச் சுவையான தகவலை முதன்முதலில் யார், எங்கே, எப்போது சொன்னார் என்று கேட்டே ஆக வேண்டும். கீழே சொல்லியிருப்பது எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான்.

பொருளைச் சின்னதாக எடுங்கள்

‘தமிழ் சினிமா வரலாறு’ என்று நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதாதீர்கள். அதை எழுத முயன்றவர்கள் பலர். புதிதாக வருகிறவர் அந்தப் பரப்பில் இறங்கினால், ஏற்கெனவே அச்சானதைத் திரும்ப அடுக்குவதுதான் நடக்கும். ஒரு மாவட்டத்தின் டூரிங் டாக்கீஸ்கள், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்கு இருந்த தொழிலாளர்கள், ஸ்பெஷல் நாடகத்தின் (தனித்தனி நடிகர்களை ஒரு இரவுக்கு மட்டும் அழைத்துப் போடும் நாடகம்) ஆர்மோனியக்காரர்கள், பாட்டுப் புத்தகம் அடித்த அச்சகங்கள், கட்-அவுட்டும் பேனரும் வரைந்த ஓவியர்கள் என்று ஒரு கைப்பிடிக்குள் அடங்குவதாக எடுங்கள். நட்சத்திரத்தின் வாழ்க்கை வரலாறு எழுத எல்லோருக்கும் ஆசை இருக்கும். முதல் நூலுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. குடும்பம், ரசிகர் மன்றம், அரசியல் மூன்றும் வாசலிலேயே நிற்கும்.

பொருளை முடிவு செய்யும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். அது பற்றி அச்சிட்ட காகிதம் எங்காவது இருக்கிறதா? அதில் வாழ்ந்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் வேறு பொருள் பாருங்கள். இரண்டாவதற்கு மட்டும் ஆம் என்றால் இன்றைக்கே கிளம்புங்கள், நூலகத்துக்குப் பிறகு போய்க்கொள்ளலாம்.

முதலில் படிக்க வேண்டியவை

நாடகக்காரர்கள் தங்கள் நினைவுகளை எழுதி வைத்தது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். 1891இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த டி.கே. சண்முகம் ஆகிய இருவரின் தன்வரலாறுகளும் கட்டாயம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். ஒருவர் நீதிமன்றத்திலிருந்து மாலையில் மேடைக்கு வந்தவர், இன்னொருவர் சிறுவயதிலேயே கம்பெனி வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியவர். இருவரும் ‘நாடகம்’ என்று சொல்வது ஒரே உலகத்தை அல்ல. எந்த நினைவுக் குறிப்பையும் எழுதியவர் எங்கே நின்று பார்த்தார் என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

படங்களின் பட்டியலுக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தனை விட்டால் வழியில்லை. 2016இல் மறைந்த அவர், எந்த நிறுவனமும் செய்யாத வேலையைத் தனி ஆளாகச் செய்தவர். பிறகு வந்த பட்டியல்கள் பலவற்றுக்கும் அவர் தொகுப்புதான் அடிப்படை. அதனால்தான் எச்சரிக்கை: நான்கு நூல்கள் ஒரே தேதியைச் சொன்னால் நான்கு சாட்சி என்று நினைக்காதீர்கள். நான்கும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவையாக இருக்கலாம்.

பலர் தொடாமல் விடுகிற ஒரு மூலம் உண்டு. 1927இல் ஆங்கில அரசு அமைத்த இந்திய சினிமாட்டோகிராஃப் கமிட்டி. தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். 353 பேரிடம் சாட்சியம் வாங்கி 1928இல் அறிக்கை கொடுத்தார்கள். அறிக்கையைவிட சாட்சியத் தொகுதிகள்தான் புதையல். கேள்வியும் பதிலுமாக, அந்தக் காலத்துச் சினிமாக்காரர்கள் பேசியது பேசியபடியே இருக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம்.

காகிதத்தைத் தேடிப் போவது

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்குங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த தொகுப்பு அது. அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியும் தமிழ்நாட்டை விட்டுப் போகாமல் இங்கேயே நிலைத்தது. நூல், பத்திரிகை மட்டுமல்லாமல் நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் போன்ற, மற்ற நூலகங்கள் குப்பை என்று ஒதுக்கிய சில்லறைக் காகிதங்களும் அங்கே உண்டு. எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தை வைத்து அரசு எந்த நாடகத்தைத் தடுத்தது, ஏன் தடுத்தது என்பது போன்ற கேள்விகளுக்கு ஆவணக் காப்பகத்தின் அரசாணைகள்தான் இடம். படமே பார்க்க வேண்டும் என்றால் புனே. 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. போவதற்கு முன் எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். வீட்டிலிருந்தே பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஏராளம்.

எங்கே போனாலும் ‘சினிமா பற்றி என்ன இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘1947 முதல் 1950 வரை குண்டூசி சினிமா இதழ் இருக்கிறதா, பேசும் படம் இதழ் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது?’ என்று கேளுங்கள். இதழும் ஆண்டும் சொன்னால் நூலகருக்கும் உங்களை நம்பத் தோன்றும்.

பாட்டுப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கொட்டகையில் காலணா, அரையணாவுக்கு விற்றுவிட்டு மறந்துபோன சின்னப் பிரசுரம் அது. முன்பக்கத்தில் படத்தின் பெயர், கம்பெனி, சில சமயம் கொட்டகையின் பெயர். உள்ளே நடிகர் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம். சுருக்கம் சுவாரசியமான இடத்தில் நின்று ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். அப்புறம் பாட்டுகள். பழைய புத்தகங்களில் ராகம், தாளம் போட்டிருக்கும். வேறு பாட்டின் மெட்டில் எழுதியிருந்தால் அந்த வர்ணமெட்டின் முதல் அடியையும் கொடுத்திருப்பார்கள். படச்சுருள் அழிந்துபோன படங்களுக்கு, அதில் யார் இருந்தார்கள், எத்தனை பாட்டு, யார் எழுதியது என்று சொல்ல இதைவிட நெருக்கமான சாட்சி அநேகமாகக் கிடைக்காது. பின்னட்டை விளம்பரத்தையும் விடாதீர்கள். எந்த அச்சகம், எந்த ஊர் என்ற தகவல் பெரும்பாலும் அந்த மூலையில்தான் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும்.

தேதியைப் பிடிப்பது

இந்தத் தொழிலின் நுட்பம் முழுக்க இங்கேதான். சிலருக்கு அலுப்பாக இருக்கும். எனக்கு இதுதான் துப்பறியும் கதை.

ஒரு நாடக நோட்டீஸ் கிடைக்கிறது என்று வையுங்கள். ‘அக்டோபர் 31, சனிக்கிழமை இரவு 9-30’ என்று இருக்கிறது, ஆண்டு இல்லை. நோட்டீஸ் அடித்தவருக்கு ஆண்டு எதற்கு? அன்றைக்கு ஊருக்கே தெரியும். நீங்கள் நாட்காட்டிக் கணக்கைப் பாருங்கள். 1925 முதல் 1942 வரை அக்டோபர் 31 சனிக்கிழமையில் விழுந்தது 1925, 1931, 1936, 1942 ஆகிய நான்கே ஆண்டுகளில். இனி உள்ளே உள்ள குறிப்புகளைப் பாருங்கள். ‘பேசும் படத்தில் நடித்த’ என்று நடிகையின் பெயருக்கு முன்னால் இருந்தால் 1925 போய்விட்டது. 1931உம் பெரும்பாலும் போய்விட்டது, ஏனென்றால் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியானதே 1931 அக்டோபர் 31இல்தான். மிச்சம் இரண்டு. கம்பெனியின் பெயர், டிக்கெட் விலை, காகிதத்தின் தரம், அச்சகம் ஆகியவற்றை வைத்து அதையும் ஒன்றாக்கிவிடலாம்.

தமிழ் ஆண்டு போட்டிருந்தால் வேறு சிக்கல். ௵, ௴, ௳ என்ற குறிகள் ஆண்டு, மாதம், நாளுக்கானவை. பிரசோற்பத்தி ஆண்டு என்றால் 1931-32. ஆனால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும், எனவே 1871-72உம் பிரசோற்பத்திதான். தெருக்கூத்து, பாகவத மேளம் போன்ற பழைய பொருள்களில் இறங்குகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். மார்கழியின் பிற்பாதி முதல் பங்குனி வரை ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

‘இத்தனை நாள் ஓடியது’ என்ற தகவலுக்கும் இதே முறை. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வாரக் கணக்கை மட்டும் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். 1946 தீபாவளி வரை ஓடியிருந்தால் ஏறத்தாழ 105 வாரம் ஆகிறது. அதற்குக் குறைவான எண் எதைப் பார்த்தாலும் மூன்று தீபாவளியோடு ஒத்துப்போகாது. அதற்கு மேல் எவ்வளவு என்பதை அன்றைய நாளிதழ்களின் சினிமா விளம்பரத்தை வாரம் வாரமாகப் புரட்டித்தான் சொல்ல முடியும். புரட்டும்போது தினமும் எத்தனை காட்சி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டம் என்று எண்ணுவதில் பகல் காட்சி மட்டும் போட்ட வாரங்களும் சேர்ந்திருக்கலாம்.

தீராத தேதியும் உண்டு. நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்பதில் சண்டையில்லை. வெளியான ஆண்டு 1916, 1917, 1918 என்று மூன்றாகப் புழங்குகிறது, படமும் இன்று இல்லை. இப்படி ஒரு இடம் வந்தால், பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து உறுதியான குரலில் எழுதிவிடாதீர்கள். யார் எந்த ஆண்டைச் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார் என்று எழுதுங்கள். வாசகருக்கு அதுவும் சுவையான பகுதிதான்.

‘முதல்’ என்ற சொல்லிடமும் உஷார். ‘காளிதாஸ்’ முதல் தமிழ்ப் பேசும்படம் என்கிறோம். அதில் தமிழ் பேசியவர் டி.பி. ராஜலட்சுமி; எதிரே நடித்தவர் பேசியது தெலுங்கு. அந்தப் படத்தின் பெட்டி சென்னைக்கு வந்தபோது தேங்காய் உடைத்து, பூத்தூவி வரவேற்றார்கள் என்ற காட்சி பல நூல்களில் வருகிறது. அழகான காட்சி. உங்கள் நூலில் சேர்க்கும் முன் அது முதலில் அச்சான இடத்தைத் தேடிப் பின்னோக்கிப் போங்கள். 1931க்கு அருகில் போய் நின்றால் தைரியமாக எழுதலாம். முப்பது ஆண்டு கழித்து வந்த கட்டுரையில் நின்றுவிட்டால், ‘பிற்காலத்தில் சொல்லப்பட்டது’ என்று ஒரு வார்த்தை சேருங்கள்.

ஆட்களிடம் பேசுவது

நட்சத்திரங்களைத் துரத்த வேண்டாம். அவர்கள் ஒரே கதையை நாற்பது பேட்டியில் சொல்லிச் சொல்லி அது வழவழப்பாகிவிட்டிருக்கும். லைட்மேன், மேக்கப் உதவியாளர், புரொடக்‌ஷன் மேனேஜர், தியேட்டர் ஆபரேட்டர், படப்பெட்டி தூக்கிக்கொண்டு ரயிலில் போன ரெப், ராஜபார்ட்டுக்கு (நாடகத்தின் கதாநாயக வேடம்) அலங்காரம் செய்தவர் ஆகியோரைத் தேடுங்கள். யாரும் அவர்களை இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

‘அந்தக் காலத்து அனுபவத்தைச் சொல்லுங்க ஐயா’ என்று ஆரம்பித்தால் ‘அதெல்லாம் பொற்காலம் தம்பி’ என்றுதான் வரும். ‘அப்ப உங்களுக்கு பேட்டா எவ்வளவு? தினம் கொடுத்தாங்களா, படம் முடிஞ்சா? யார் கையால கொடுத்தாங்க?’ என்று கேளுங்கள். பணத்தைக் கேட்டால் நினைவு துல்லியமாகிறது. அந்தத் தொகையிலிருந்து சாப்பாடு, தங்கிய இடம், கூட இருந்தவர் பெயர், கம்பெனி எப்போது நொடித்தது என்று ஒவ்வொன்றாக வரும். தேதி கேட்டால் வராது. ‘அப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? மூத்த பொண்ணு பிறந்தாச்சா?’ என்று கேட்டால் ஆண்டு தானாகக் கிடைக்கும். அம்மாக்களிடம் பேசும்போது வீட்டு ஆண்கள் நடுவில் வந்து பதில் சொல்வார்கள். இன்னொரு நாள் தனியாகப் போங்கள்.

அலமாரியிலிருந்து போட்டோ, கடிதம், ஒப்பந்தம் எடுத்துக் காட்டுவார்கள். அசலை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அவர்களே கொடுத்தாலும் கூட. அங்கேயே செல்போனில் படமெடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் பின்பக்கத்தில்தான் இருக்கும். இந்தக் குடும்பங்களிடம் ‘நூல் எழுதுகிறோம்’ என்று வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர்களின் பட்டியல் நீளமாகவே இருக்கிறது. அந்தக் கசப்போடுதான் உங்களுக்குக் கதவைத் திறப்பார்கள். பேட்டியைப் பதிவு செய்யவும் நூலில் பயன்படுத்தவும் சம்மதம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பேசியதன் ஒலிப்பதிவை ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

குறிப்பும் எழுத்தும்

குறிப்பெடுக்க எந்தச் செயலி என்று பலர் கேட்கிறார்கள். எதுவானாலும் சரி. ஒரு தகவலுக்கு ஒரு பதிவு, அதிலேயே இதழ், தேதி, பக்கம், பார்த்த நூலகம். பெயர்களுக்கு மட்டும் தனிப் பட்டியல் வேண்டும். ராஜலட்சுமி, ராஜலக்ஷ்மி, ராஜலெக்ஷ்மி மூன்றும் ஒருவரா, மூவரா என்று அதில்தான் தீர்ப்பீர்கள்.

எழுதும்போது காலவரிசைப்படி 1920இலிருந்து கிளம்பி வருவது சோம்பேறி வழி. உங்களிடம் எந்த ஆவணம் பலமாக இருக்கிறதோ அந்த அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள், நூலின் குரல் அங்கே அமைந்துவிடும். அடைமொழிகளை வெட்டுங்கள். ஏழிசை மன்னர், நடிப்புச் சக்கரவர்த்தி எல்லாம் அந்தக் காலத்து விளம்பரத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும் வரட்டும். கடைசியில், எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பெயரடைவு கட்டாயம் போடுங்கள். தமிழ் நூல்களில் அதை விட்டுவிடுவது பழக்கமாகிவிட்டது. அடுத்து ஆராய வருகிறவர் உங்கள் நூலைத் தூக்கி வைத்துக்கொள்வதும் வைத்துவிட்டுப் போவதும் அதை வைத்துத்தான்.

சட்டம், தேவையான அளவு

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, எழுத்துக்கு ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. திரைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதாவது 1950இல் வந்த படத்தின் உரிமை 2010 முடிவோடு தீர்ந்தது. ஆனால் அதன் பாட்டு வரிகள் தனிக் கணக்கு. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார், எனவே அவர் வரிகளுக்கு 2033 முடிய உரிமை இருக்கிறது. விமர்சனத்துக்கும் ஆய்வுக்கும் ஒன்றிரண்டு வரி எடுத்தாளச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. முழுப் பாட்டையும் போடுவதென்றால் அனுமதி வாங்குங்கள். புகைப்படத்துக்குக் குடும்பம் கொடுத்தது என்பதும் உரிமை என்பதும் ஒன்றல்ல, எடுத்தவர் யார் என்று பாருங்கள்.

இறந்தவரைப் பற்றி எதையும் எழுதலாம், வழக்கு வராது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தவறு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு, உறவினர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு மறைந்தவர் பெயரைக் கெடுப்பதையும் அவதூறாகவே கொள்கிறது. இருப்பவர்களைப் பற்றி எழுத, ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பாக உச்ச நீதிமன்றம் 1994இல் கொடுத்த தீர்ப்பு நல்ல வழிகாட்டி. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் இருப்பதைச் சம்மதம் இல்லாமலே எழுதலாம். அதற்கு அப்பால் ஒருவரின் அந்தரங்க வாழ்க்கைக்குள் போவதென்றால் அவர் சம்மதம் வேண்டும். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றி எழுதுகிறவர் தீர்ப்புகளையும் சாட்சியத்தையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். லட்சுமிகாந்தன் நடத்திய கிசுகிசுப் பத்திரிகையில் வந்ததை உண்மை என்று எடுத்து எழுதினால் அது வேறு கதை.

பதிப்பும் பணமும்

எடுத்தவுடன் நூலாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று அத்தியாயங்களைக் கட்டுரையாக இதழ்களில் வெளியிடுங்கள். தொடராக வந்தால் இன்னும் நல்லது. வாசகர் கடிதத்தில் ஒருவர் ‘என் தாத்தா அந்தக் கம்பெனியில் இருந்தார்’ என்று எழுதுவார். நீங்கள் தேடியும் கிடைக்காத ஆவணம் அப்படித்தான் வந்து சேரும்.

பதிப்பாளரிடம் போகும்போது முழுக் கைப்பிரதி, படங்களின் பட்டியல், எதற்கு அனுமதி இருக்கிறது என்ற குறிப்பு மூன்றும் கொண்டு போங்கள். எழுத்தாளரே பணம் கட்ட வேண்டும் என்று சொன்னால் அவர் பதிப்பாளர் அல்ல, அச்சகர். அப்படிப் போடுவதில் தப்பில்லை, ஆனால் அச்சுக்கூலியை நீங்களே நாலு இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்தமாகப் போடுகிறவர்களுக்கு, நூலின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழியாக.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமை என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். ‘எல்லா உரிமைகளும்’ என்ற ஒரே சொல்லில் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தம் சொல்லவில்லை என்றால், சட்டப்படி அது ஐந்து ஆண்டுதான். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்.

பணத்தை மறைத்துப் பேச வேண்டாம். 300 ரூபாய் நூல், 500 பிரதி, 10 சதவீத ராயல்டி என்றால் எல்லாம் விற்றால் 15,000 ரூபாய். வெளியூர்க்காரருக்குத் தரமணிக்குப் போய்வந்த செலவே அதைத் தாண்டும். இந்தத் துறையில் நூல் என்பது வருமானம் அல்ல, முகவரி. அந்த முகவரிக்குத்தான் மற்ற வேலைகள் வரும்: இதழ்த் தொடர், ஆவணப்படத்துக்கும் வெப் சீரிஸுக்கும் ஆய்வு, கண்காட்சிக்குக் குறிப்பு எழுதுவது, கல்லூரியில் வகுப்பு, பழைய நூலைப் பதிப்பிப்பது. ஆய்வு வேலைக்குக் கூப்பிட்டால் ‘உங்க பேர் டைட்டிலில் வரும் சார்’ என்பார்கள். பெயரும் வரட்டும், சம்பளமும் வரட்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அதுவரை மாதச் சம்பளம் தருகிற வேலையை விடாதீர்கள்.

தேசிய திரைப்பட விருதுகளில் சினிமா பற்றிய சிறந்த நூலுக்கென்று தனி விருது இருக்கிறது. விண்ணப்ப அறிவிப்பு வரும்போது அனுப்பிவையுங்கள், பதிப்பாளர் செய்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

நூல் வந்ததும் முதல் பிரதிகள் பேட்டி கொடுத்தவர்களின் வீடுகளுக்குப் போகட்டும், தபாலில் வேண்டாம், நேரில். புரட்டிப் பார்த்து ‘இது எங்க சித்தப்பா இல்லையே, பக்கத்துல நிக்கிறவர்தான் அவர்’ என்று ஒருவர் சொல்வார். உங்கள் பிரதியில் அந்தப் பக்கத்தில் உடனே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பின் திருத்தப் பட்டியல் அங்கேதான் ஆரம்பமாகிறது.